கராம்பு வாங்கப் போன இடத்தில் கராம்பூஸ்

என்னை மாத்தளைக்கு அனுப்பியது கிராம்பு பார்க்க. விருதுநகரில் ஒரு மசாலாப் பொருள் மொத்த வியாபாரியிடம் தரம் பார்ப்பவனாக இருக்கிறேன். கிராம்பை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பது, மிளகைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை ஒதுக்குவது, இவைதான் எனக்குத் தெரிந்த வித்தைகள். இலங்கையில் போர்நிறுத்தம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. நேரில் போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வா என்றார் முதலாளி. நான் இரண்டு நாள் தயங்குவதுபோல் நடித்தேன். உண்மையில் மாத்தளை என்ற பெயரைக் கேட்டதுமே மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அதற்குக் காரணம் ஒரு பாட்டு. மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, சாயங்காலம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வானொலியைக் கேட்போம். அதில் ஒரு நாள், "மாத்தளை கராம்பூஸ் குழுவினரின் பொப்பிசைப் பாடல்" என்று அறிவித்தார்கள். நாங்கள் பாப் என்பதை அவர்கள் பொப் என்றார்கள். நாங்கள் கிராம்பு என்பதை அவர்கள் கராம்பு என்றார்கள். இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், மேலே ஏறும்போது கொஞ்சம் தடுமாறுகிற ஓர் ஆண் குரல், பின்னால் இன்னொரு குரல். மூன்று நிமிஷத்துக்கும் குறைவான பாட்டு. அடுத்த சில மாதங்களில் அதை நான்கு முறை கேட்டேன். அதன் பிறகு அது வரவே இல்லை.

பெரிய இசையமைப்பாளர்களின் சினிமாப் பாட்டைக் கேட்டால் எனக்கு மலைப்புத்தான் வரும். அறுபது வயலின் ஒன்றாக எழும்பும்போது, நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள். இந்தச் சின்னக் குழுக்களின் பாட்டு அப்படி இல்லை. கிடார் வாசிக்கிறதை வாயாலேயே பாடிவிடலாம். மெட்டு நாம் நினைக்கிற பக்கம் போவதுபோல் போய், கடைசி நொடியில் பக்கத்துச் சந்தில் திரும்பும். அட, இது நமக்குத் தோன்றியிருக்க வேண்டியதாயிற்றே என்று இருக்கும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்பதால் அது நம் வீட்டுச் சொத்துபோலவும் ஆகிவிடும். இந்த வகைப் பாட்டின் கவர்ச்சியே அதுதான், கேட்பவனுக்கு அது தன்னுடைய பாட்டு என்று தோன்றும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றிவிட்டது.

விடுதி நாள் விழாவில் இரவல் கிடாரோடு அந்தப் பாட்டைப் பாடினேன். விழாச் செயலாளர், "அடுத்து, மாணவர் சொந்தமாக இசையமைத்த பாடல்" என்று அறிவித்தான். அது அவன் தவறு. அதைத் திருத்தாமல் கிடார் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றது என் தவறு. முதல் பரிசாக எவர்சில்வர் கூஜா கொடுத்தார்கள். என் அறைத் தோழன் சங்கரலிங்கத்தின் தங்கை கோமதி அன்று விழாவுக்கு வந்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்தப் பாட்டுக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன் என்று இருபத்து மூன்று வருஷமாக அவள் சொல்லாத ஆள் கிடையாது. எங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த மெட்டைக் கேட்டுத்தான் தூங்கினார்கள்.

கராம்பூஸில் யாராவது உயிரோடு இருந்தால் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். மாத்தளை மாரியம்மன் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று கோமதியும் கிளம்பியபோது, அந்தத் திட்டத்தில் "தனியாக" என்ற சொல் அடிபட்டுப் போனது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஹனிபா நானாவின் வீட்டில்தான் தங்கல், நானா என்றால் அங்கே அண்ணன். அறுபது வயது, நல்ல பாரியான உடம்பு, வந்தவர்களுக்குப் பரிமாறுவதைத் தொழுகைக்கு அடுத்த கடமையாக நினைப்பவர். என்னைத் தம்பி என்றும் கோமதியைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார். கோமதி வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்காகவே இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் செய்திருந்தார்கள். சம்பல் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, இதில் என்ன சேர்க்கிறீர்கள் என்று நானாவின் மனைவியிடம் கேட்டாள். தேங்காய், மிளகாய், வெங்காயம், தேசிக்காய் என்கிற எலுமிச்சை, மாசி என்று அந்த அம்மா விரல் மடக்கினார். மாசி என்றால் என்ன என்று கோமதி கேட்டபோது, மடக்கிய விரலோடு அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

"அது மீன் இல்ல தங்கச்சி," என்றார் ஹனிபா நானா. "மீனக் காயவெச்சா வாறது."

கோமதி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். பிறகு, எங்கள் ஊரில் இந்நேரம் சூரியன் மறைந்திருக்கும், நாள் முடிந்த கணக்குத்தான் என்று ஏதோ ஒரு சாஸ்திரத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நானாவின் சரக்கு ஸ்டோருக்குப் போனோம். கோமதி வாசலில் சாதிக்காய் உடைக்கும் பெண்களோடு பேச உட்கார்ந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, இங்கே கராம்பூஸ் என்று ஒன்று இருந்ததாமே என்றேன். நானா ஒரு பிடி கராம்பை அள்ளி என் கையில் வைத்தார். இது இல்லை, கராம்பூஸ் என்றேன். இதைவிட நல்லதா என்று கேட்டு உள்ளே போய் வேறு மூட்டையைப் பிரித்தார். அதையும் வேண்டாம் என்றபோது அவர் முகம் வாடியது. விருதுநகர்க்காரர்களின் கறார் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை என்றார். கடைசியில் அவர் காதருகே குனிந்து, பாட்டுப் பாடுகிற கராம்பூஸ் என்றேன்.

"ஆ, அந்த மரியதாஸ்ட கூட்டமா," என்று அவர் சத்தமாகவே சொன்னார். பள்ளிக்கூடக் கார்னிவலில் இரண்டு நாள் பாட ஏற்பாடாகியிருந்ததாம். இரண்டாம் நாள் மின்சாரம் போனதும் சனம் ராட்டினத்துப் பக்கம் போய்விட்டதாம். குழுவில் நான்கு பேர். டெரிக் ஆஸ்திரேலியாவுக்கும் பாரூக் கத்தாருக்கும் போய்விட்டார்கள். மரியதாஸ் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பந்துல மட்டும் வில்கமுவையில் வயல் செய்கிறார், அவரைக் கேட்டால் தெரியும் என்றார்.

யார் அது மரியதாஸ் என்று வாசலிலிருந்து கோமதி கேட்டாள். மிளகுத் தோட்டக்காரர் என்றேன். ஹனிபா நானா என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்கலாமா என்ற யோசனை ஓடியது.

இரண்டாம் நாள் வில்கமுவைக்குப் புறப்பட்டோம். மிளகு பார்க்கப் போகிறேன், வெயில், நீ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளும் மிளகு பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் நம்மைத் திட்டிக்கொண்டே இடம் பிடித்துக் கொடுப்பார். இங்கே அவர் திட்டவில்லை, இடமும் இல்லை. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு அந்நியரின் பையை வைத்திருந்தார்கள். பாதி வழியில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பயணிகள் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து கை டிராக்டர் ஒன்று வந்தது. இரண்டு சக்கர எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி கட்டியது. உர மூட்டைகளின்மேல் ஏழு பேர் ஏறினோம். கோமதி ஒரு கையால் என்னையும் மறு கையால் முன்னால் இருந்த சிங்கள அம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிடி தளர்ந்தபோது தானே கையை எடுத்து மறுபடி தோளில் வைத்துக்கொண்டாள். வயலும் புதர்க்காடும் மாறி மாறி வந்தன. ஒரு திருப்பத்தில் டிராக்டர் நின்றது. ரோட்டின் நடுவில் ஒற்றை யானை. நாங்கள் யானையைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறோம், அது நெற்றியில் பட்டை போட்டிருக்கும், தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கும். இது அந்த ஜாதி இல்லை. டிராக்டர்க்காரர் மெதுவாக ஏதோ சொல்ல, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார், "அவர் வயல் பார்க்கப் போகிறார், நாம் அவசரப்படுத்தக் கூடாது என்கிறான்." அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் வயல் பார்க்கப் போன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பந்துல வீட்டு வாசலில் யானை விரட்டும் வெடிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, முன்பல் இரண்டு இல்லாத மனிதர். மாத்தளை டவுனில் வளர்ந்தவர், தமிழ் தாராளமாக வந்தது. கோமதி சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல்.

"இங்க எங்கங்க மிளகு?" என்றாள்.

பின்னால் இருக்கும் என்றேன். பின்னாலும் நெல்தான் இருந்தது. பந்துலவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், கராம்பூஸ் பாட்டை மதுரையில் கேட்டவன் நான் என்று வேகமாகச் சொன்னேன். அவர் காய்ந்துகொண்டிருந்த வெடியையெல்லாம் மறந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு, நான் பயந்தபடியே, திரும்பிக் கோமதியிடம் நடந்தார். "நோனா, எங்க பாட்டு இந்தியாவுக்குக் கேட்டிருக்கு. நான் பாடிக் காட்டுறேன்," என்றார்.

நான் குறுக்கே போவதற்குள் ஆரம்பித்துவிட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"டும்... டும்டும்... டும்... டுடும்."

பந்துல குழுவில் வாசித்தது பேஸ் கிடார். பாட்டு என்றால் அவருக்கு அதுதான். இரண்டரை நிமிஷம் முழுக்கப் பாடி முடித்தார். உலகத்தில் எந்த மனைவியாலும் அதிலிருந்து எந்தப் பாட்டையும் கண்டுபிடிக்க முடியாது. ரொம்ப நல்லா இருக்குங்க, உங்க ஊர்ப் பாட்டா என்று கோமதி மரியாதையாகக் கேட்டாள். நான் வெடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சோறும் பூசணிக்காய்க் கறியும் குளத்து மீன் பொரியலும் கொடுத்தார்கள். சாப்பிடும்போதுதான் மரியதாஸ் இருக்கும் இடம் தெரிந்தது. சீகிரியாவில் வெள்ளைக்காரர்கள் சாப்பிட வரும் ஒரு ஹோட்டலில் மத்தியானம் கிடார் வாசிக்கிறாராம். நீங்கள் சந்திப்பதுண்டா என்று கேட்டேன். பந்துல சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் டவுனை எரித்தபோது மரியதாஸ் அறையில் இருந்த மைக்கும் டிரம்ஸும் போயிற்று. ஒரு கிடாரை மட்டும் பந்துல நெல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, லாரியில் தன் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்று மாதம் கழித்து அதை மரியதாஸிடம் கொடுத்தார். கொடுத்தபோது இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. பிறகு இவருக்கு இந்தப் பக்கம் நிலம் கிடைத்தது, வந்துவிட்டார். "போகணும், போகணும்னு நினைக்கிறது," என்றார். "ஆனை வந்துடும்."

திரும்பும்போது கோமதி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மிளகு விவசாயம் செய்யாத இரண்டு பேரை மிளகுக்காக ஏன் தேடுகிறீர்கள் என்று. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

மூன்றாம் நாள் சீகிரியா. அதற்கு மட்டும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் பார்க்கிற இடம். வழியில் ஒரு சோதனைச்சாவடி. போர் நின்றிருந்தாலும் மணல் மூட்டைகள் நகரவில்லை. எங்கள் பையில் சிறு சிறு காகிதப் பொட்டலங்களில் சாம்பிள் இருந்தது. சிப்பாய் ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தார். கராம்புப் பொட்டலம் வந்ததும் அவர் முகம் மாறியது. எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். கோமதி மாரியம்மனை வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். அவர் தன் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டி, சைகையில் ஏதோ கேட்டார். கன்னம் வீங்கியிருந்தது. நான் நல்ல மொட்டாக ஒன்றைப் பொறுக்கி, எண்ணெய் கசிய அழுத்திக் கொடுத்தேன். அவர் அதைப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, எங்களுக்கு சல்யூட் அடித்தார். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ராணுவ மரியாதை அது.

சீகிரியாக் குன்றைக் கோமதி கீழே நின்றே ஐந்து நிமிஷம் பார்த்தாள். இங்க இருந்தே எல்லாம் தெரியுது என்று முடிவு சொல்லிவிட்டாள். நேரே ஹோட்டலுக்குப் போனோம். ஓலை வேய்ந்த பெரிய கூடம். பன்னிரண்டு வகைக் கறி மண்சட்டிகளில் வரிசையாக இருந்தது. மூலையில் பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்த பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாரும் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் மேல் ஸ்வரத்துக்கு ஏறும்போது அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறியது. நான் கையில் எடுத்த அப்பளம் நொறுங்கியது.

அவர் கை கழுவப் போகும்போது பிடித்துவிடலாம் என்று வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது. கோமதி நேராக அவர் முன்னால் போய் நின்றிருந்தாள். அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

"இவரும் கிடார் வாசிப்பாருங்க. சொந்தமாவே பாட்டு போட்டு, காலேஜ்ல பரிசு வாங்கினவரு. நீங்க ஒரு தடவை கேக்கணும்."

மரியதாஸுக்குச் சந்தோஷம். அன்று அவரிடம் வந்து பேசிய முதல் ஆள் அவள்தான் போலிருக்கிறது. எழுந்து, தன் கிடாரை என் கையில் கொடுத்தார். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் எதையோ எதிர்பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரிந்ததே ஒரு பாட்டுத்தான். வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம், விரலில் சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல பாட்டைக் கேட்கப் போகிறவரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வாசித்தேன்.

முதல் அடி முடிவதற்குள் அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது அடியில் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். வானொலியில் இரண்டாவது குரல் ஒன்று பின்னால் கேட்கும், அது இல்லாமலே நான் இத்தனை வருஷம் பாடிவந்தேன். இப்போது அது பக்கத்தில் வந்து நின்றதும் பாட்டு இரண்டு மடங்கு அகலமானது. எனக்குத் தெரிந்தது ஒரு சரணம். அது முடிந்ததும் நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. வானொலியில் வராத, நான் கேட்டே இராத இரண்டாவது சரணத்தைத் தனியாக, கிடார் இல்லாமல், முழுவதும் பாடினார்.

கோமதி முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணம் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது இவரோட பாட்டு, கோமதி," என்றேன். "நான் ரேடியோவுல கேட்டது."

அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நான் மரியதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வானொலி, விடுதி நாள், செயலாளர், கூஜா, ஒன்றையும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். முந்நூறு பேர் இருக்கும் என்றேன். கை தட்டினார்களா என்று கேட்டார். இன்னொரு முறை பாடச் சொன்னார்கள் என்றேன். அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போய், மதுரையில் நம் பாட்டுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து, கூஜா எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று விசாரித்தார்.

"நாங்க அத ரெக்கார்டு போட்டதுக்கு, எங்கப்பா தோட்டத்துல கணக்கப்புள்ள, ஒரு மாசம் எங்கூட பேசலைங்க," என்றார். "யாருமே கேக்கலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

ஆனால் வார்த்தை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லவியின் இரண்டாவது வரியை மறுபடி சொல்லச் சொன்னார். "என் ரத்த ஓட்டம் முழுதும் நீ ராணிபோல் போகிறாய்" என்று சொன்னேன். விழாவுக்கு வந்த தமிழ்ப் பேராசிரியர் அந்த வரியைத் தனியாகப் பாராட்டினார். மரியதாஸ் என்னை உற்றுப் பார்த்தார்.

"ரத்த ஓட்டம் இல்லைங்க, ரத்தோட்டை. ரத்தோட்டை பஸ்ஸுல நீ ராணிபோல் போகிறாய். இங்க மாத்தளையிலேருந்து ரத்தோட்டைங்கிற ஊருக்குப் போற பஸ்ஸு. அந்தப் புள்ள அதுலதான் வேலைக்குப் போவும். ரத்தத்துல எப்படிங்க ஒரு பொண்ணு போவா? டாக்டர்கிட்டல்ல காட்டணும்."

மேசைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கோமதி தயிரும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறிப் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை மறுபடி இறுக்கமாக்கிக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புறப்படும்போது அவள் மரியதாஸிடம் மட்டும் பேசினாள். இரண்டாவது சரணத்தை ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள். பந்துல வில்கமுவையில் வெடி காயவைத்துக்கொண்டிருக்கிறார், ஒருமுறை போய்ப் பாருங்கள் அண்ணே என்று அவரிடம் சொன்னாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் காலை கோமதி அறையில் இல்லை. நானாவின் மனைவி, தங்கச்சி கோயிலுக்குப் போய்ட்டாங்க என்றார். போய்த் தேடினேன். கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"நான் ஒண்ணும் பாட்டுக்காக உங்களைக் கட்டிக்கலை. அன்னிக்கு நீங்க பாடினப்ப நான் உள்ளேயே இல்ல. வாசல்ல என் செருப்பு தொலஞ்சி போச்சு, தேடிக்கிட்டிருந்தேன். கை தட்டினது மட்டுந்தான் கேட்டுச்சு. அண்ணன் கட்டிக்கச் சொன்னான், கட்டிக்கிட்டேன். பாட்டுக்காகன்னு சொன்னா கேக்கிறவங்களுக்கு நல்லா இருந்துச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு."

கோபப்படலாமா என்று யோசித்தேன். அவளுடைய அந்தக் கதைக்குப் பயந்து நான் இரண்டு நாள் தூசி தின்றதற்குக் கோபம் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் கோபம் வரவில்லை. இருபத்து மூன்று வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பாட்டின்மேல், ஆளுக்கொரு பொய்யை வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

"பொய் சொன்னது கூடப் பரவாயில்லைங்க," என்றாள். "ஒருத்தருக்குமே தெரியாத இப்படி ஒரு நல்ல குரூப்பு இருக்குன்னு எங்கிட்டகூடச் சொல்லலியே, அதான்."

அவள் எழுந்து, முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டும், அவன்தான் கட்டிக்கச் சொன்னவன் என்றாள். கோயில் வீதியிலேயே, வெளிநாட்டுக்குப் பேசுகிற ஒரு சின்னத் தொலைபேசிக் கடை இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். நாங்கள் இரண்டு பேரும் நுழைந்தோம், கதவு மூடவில்லை. வெளியே நாலைந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள்.

சங்கரலிங்கம் எடுத்தான். நான், விடுதி நாளில் பாடிய பாட்டு என்னுடையது இல்லை, மாத்தளைக் குழு ஒன்றின் பாட்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எந்தப் பாட்டு?" என்றான்.

பரிசு வாங்கிய பாட்டு என்றேன். கிடாரில் வாசித்தேனே என்றேன். நீ கிடார் வாசிப்பியா என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான். கூஜா ஞாபகம் இருக்கிறது, அது கோலப் போட்டிக்குக் கொடுத்தது என்று நினைத்தேன் என்றான். கிராம்பு எப்படி இருக்கிறது என்று அடுத்துக் கேட்டான்.

கோமதி ரிசீவரைப் பிடுங்கினாள். அண்ணே, ஒரு நிமிஷம் பேசாம கேளு என்றாள். பில் தாளை விரித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். பல்லவி, முதல் சரணம், பிறகு நேற்றுத்தான் எழுதி வாங்கிய இரண்டாவது சரணம். அவள் குரலும் மேலே ஏறும்போது தடுமாறத்தான் செய்தது. எண்ணெயும் கையுமாக நின்ற மெக்கானிக் ஒருவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார். கடைக்காரப் பெண் காசு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நான் கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, எனக்கு ஞாபகம் இருந்த மட்டும் அந்தக் கீழ்க்குரலைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் சரியாகவே வந்தது.

அவள் முடித்துவிட்டு ரிசீவரை என் காதில் வைத்தாள்.

"நல்லா இருக்கேடா," என்றான் சங்கரலிங்கம். "யாரு இவங்க? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"கேள்விப்பட்டிருக்க மாட்டே மச்சான்," என்றேன். அதைச் சொன்னபோது இருந்த பெருமை, முந்நூறு பேர் கை தட்டியபோதுகூட எனக்கு இருந்ததில்லை.